ஆறறிவும் தன்னுணர்வும்: மரபியல் உயிர்ப்பகுப்பும் அதன் உரை வரலாறும்

தொல்காப்பிய மரபியலை முதுகலை வகுப்பிற் பயிற்றுங்கால் மாணவர் பெரும்பாலும் எழுப்பும் வினா ஒன்று உண்டு. மக்கட்கு மட்டுமே மனம் உண்டென்று ஆசிரியர் கூறினாராயின், தன் தலைவன் இறந்தபின் உணவு கொள்ளாது கிடக்கும் நாயின் செயலை எவ்வாறு விளக்குவது என்பதே அவ்வினா. இதற்கு விடையாக, அஃது ஐயறிவுயிர், ஆறாவது அறிவு அதற்கில்லை என்று நூற்பாவைச் சுட்டி அமைந்துவிடுதல் எளிது. ஆயின் நூற்பாவையும் அதன் உரைகளையும் நுணுகி நோக்குவார்க்கு அவ்விடை போதாதது என்பது புலனாகும். ‘ஆறறிவு’ என்னும் தொடர் இன்று மேடையிலும் எழுத்திலும் மனிதன் பிற உயிரினின்றும் முற்றும் வேறானவன் என்பதற்குத் தமிழர் தந்த சான்றாக எடுத்தாளப்படுகின்றது. அங்ஙனம் ஆளுதல் நூலுக்கும் உரைமரபுக்கும் பொருந்துமா என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. மரபியற் பகுப்பு

மரபியல் பொருளதிகாரத்தின் ஒன்பதாவதும் இறுதியுமான இயல். உயிர்களின் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் ஆகியவற்றை வழக்கு நோக்கி வரையறுப்பது இதன் முதற்பணி. இப்பெயர் மரபுகளுக்கு இடையேதான் உயிர்களை அறிவு பற்றிப் பகுக்கும் நூற்பாக்கள் அமைந்துள்ளன. உடலால் உற்றறிவது ஓரறிவு. அதனொடு நாவின் அறிவு கூட இரண்டு. மூக்கின் அறிவு கூட மூன்று. கண் கூட நான்கு. செவி கூட ஐந்து. மனம் கூட ஆறு. புல்லும் மரமும் முதல் வகை. நத்தையும் முரள் என்னும் நீர்வாழுயிரும் இரண்டாம் வகை. கறையானும் எறும்பும் மூன்றாம் வகை. நண்டும் தும்பியும் நான்காம் வகை. விலங்கினமும் மாக்களும் ஐந்தாம் வகை. மக்கள் ஆறாம் வகை.

இப்பகுப்பில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, ஆசிரியர் இதனைத் தம் கண்டுபிடிப்பாகக் கூறவில்லை. நுணுகி உணர்ந்த முன்னோர் முறைப்படுத்தியது என்றே கூறுகின்றார். ஆதலின் இது தொல்காப்பியர்க்கு முற்பட்ட ஒரு சிந்தனை மரபின் சுருக்கம் ஆகும். இரண்டாவது, ஒவ்வொரு வகையையும் கூறி முடித்து, அவ்வினத்துப் பிறவும் உள என்று வாயிலைத் திறந்தே வைக்கின்றார். எடுத்துக்காட்டுகள் எல்லை அல்ல என்பது இதனாற் பெறப்படும். மூன்றாவது, ஒவ்வொரு படியும் முன்னைய படியை விலக்காது தன்னுள் அடக்கி மேற்செல்கின்றது. புல்லின் உற்றறிவு மனிதனிடத்தும் உண்டு. எனவே இது கூட்டல் முறையான படிநிலையேயன்றி ஒன்றற்கொன்று தொடர்பற்ற வகைகளின் பட்டியல் அன்று.

2. ‘அறிவு’ என்னும் சொல்

இன்றைய உளவியலார் மூன்று நிலைகளைப் பிரித்துக் கூறுவர். புறத்தூண்டலுக்கு எதிர்வினை செய்தல் ஒன்று. இன்பதுன்பங்களை உள்ளே நுகர்தலாகிய உணர்வுநிலை மற்றொன்று. நுகர்வது ‘யான்’ என்று தன்னையே அறிதலாகிய தன்னுணர்வு பிறிதொன்று. மரபியலின் ‘அறிவு’ இவற்றுள் எதனைக் குறிக்கும்? முதல் ஐந்தும் பொறிவழி வரும் அறிவு. எனினும் அவை வெறும் எதிர்வினை அல்ல. ‘உறுதல்’, ‘அறிதல்’ என்னும் வினைகள் அறியும் ஒன்றை வேண்டி நிற்கின்றன. புல்லை ஓரறிவுயிர் என்று கூறும்போது அதனை அறியும் பொருளாகவே ஆசிரியர் கொண்டார். ஆறாவதாகிய மனம் ஏனைய ஐந்தையும் போன்று புறத்தே ஒரு பொறியுடையது அன்று. ஐந்தின்வழி வந்தவற்றைக் கொண்டு நினைத்தலும் ஆராய்தலும் அதன் தொழில். தன்னைத் தான் அறிதல் பற்றி இந்நூற்பாக்கள் வெளிப்படக் கூறவில்லை. ஆதலின் ‘ஆறாம் அறிவு’ என்பதனைத் ‘தன்னுணர்வு’ என்பதனோடு நேராகச் சமன் செய்தல் கூடாது. அவ்வினா தமிழில் வேறோரிடத்தில், வேறொரு காலத்தில் எழுந்தது. அதனைப் பின்னர்க் காண்போம்.

3. சமண பௌத்த நெறிகளோடு ஒப்பீடு

இப்பகுப்பு சமணர் கொள்கையோடு பெரிதும் ஒத்திருத்தலை அறிஞர் பலர் சுட்டியுள்ளனர். ச. வையாபுரிப்பிள்ளையவர்கள் தொல்காப்பியரைச் சமணர் எனத் துணிதற்குக் காட்டிய சான்றுகளுள் இதுவும் ஒன்று. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் இரண்டாம் அத்தியாயத்தில் புழு, எறும்பு, வண்டு, மனிதன் என்னும் வரிசையில் ஒவ்வொரு பொறி கூடுதலைக் கூறுகின்றது. எறும்புக்கு மூன்று, வண்டினத்திற்கு நான்கு என்னும் கணக்கு மரபியலிலும் அவ்வாறே உளது. இவ்வொற்றுமை தற்செயலானது எனல் அரிது.

ஆயின் வேற்றுமைகளும் உள. சமண நூல் நிலம், நீர் முதலியவற்றையே உடலாகக் கொண்ட ஓரறிவுயிர்களையும் கூறும். மரபியல் புல்லையும் மரத்தையும் மட்டுமே பெயர் சுட்டுகின்றது. அதனினும் பெரிய வேற்றுமை மனத்தைப் பற்றியது. சமணர் மனத்தை ஆறாவது அறிவாக எண்ணுவதில்லை. ஐம்பொறி உயிர்களையே மனமுடையன, மனமில்லன என இரண்டாகப் பகுப்பர். மனமுடையவற்றுள் விலங்குகளும் அடங்கும். மனத்தை ஆறாவதாக எண்ணும் வழக்கு பௌத்தரிடத்து உண்டு. அவர்கூறும் ஆறு வாயில்களுள் இறுதியானது மனமே. ஆயின் பௌத்தர் புல்லையும் மரத்தையும் பொதுவாக உணர்வுடைய உயிர்களுள் வைப்பதில்லை. ஆகவே மரபியலின் பகுப்பு இவ்விரண்டனுள் ஒன்றனோடும் முற்றும் பொருந்துவதன்று. தாவரத்திற்கு அறிவு உண்டு என்பதில் சமண நெறியோடும், மனத்தை ஆறாவதாக எண்ணுதலில் பௌத்த நெறியோடும் ஒத்து, தனக்கென ஓர் அமைப்பை அது கொண்டுள்ளது. இதனை மட்டும் கொண்டு ஆசிரியரின் சமயத்தைத் துணிதல் அரிது என்பதே எம் கருத்து.

பவணந்தி முனிவர் சமணர் என்பதில் ஐயமில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தினதாகக் கருதப்படும் அவரது நன்னூல் உரியியலில் இப்பகுப்பை மீண்டும் கூறுகின்றது. ஆங்கு அவர் செய்த மாற்றங்கள் ஊன்றி நோக்கத்தக்கன. நான்கறிவுயிர்க்கு நண்டினை விடுத்துத் தும்பியையும் வண்டினையும் எடுத்துக்காட்டினார். ஆறாம் அறிவை அறவே விடுத்தார். வானவர், மக்கள், நரகர், விலங்கு, பறவை ஆகிய அனைத்தையும் ஐயறிவுயிராக ஒருங்கு வைத்தார். மக்களைப் பிறவற்றினின்றும் பிரிப்பது அவர்க்கு அறிவுப் பகுப்பன்று. திணைப் பகுப்பே ஆகும். மக்கள், தேவர், நரகர் உயர்திணை என்று சொல்லிலக்கணத்தில் வரையறுத்தவர், அறிவைக் கூறுமிடத்து யானையையும் மனிதனையும் ஒரே வரிசையில் வைத்தார். ஆறறிவுக் கொள்கை தமிழிலக்கண மரபு முழுமைக்கும் பொதுவான ஒன்று என்று எண்ணுவார் இதனைக் கருதுதல் வேண்டும்.

4. உரையாசிரியர் திறந்த வாயில்

மரபியலுக்கு இளம்பூரணர் உரையும் பேராசிரியர் உரையும் நமக்குக் கிடைத்துள்ளன. இருவரும் மக்களை ஆறறிவுயிர் என்னும் நூற்பாவிற்கு உரை கூறி அமையவில்லை. இளம்பூரணர் கொண்ட பாடத்தில், விலங்குகளுள் ஒரு சாராரும் அவ்வறிவுடையர் என்று பிறர் கூறுவதாக அமைந்த நூற்பா உளது. அவ்விலங்குகள் யாவை என்பதற்கு அவர் கிளி, குரங்கு, யானை முதலியவற்றை எடுத்துக்காட்டுகின்றார். பேராசிரியரோ பிறவும் உள என்னும் தொடருக்குப் பொருள் விரிக்குமிடத்து இக்கருத்தை எட்டுகின்றார். தேவர் முதலியோரை ஆறறிவுயிர்க் கிளையாகக் கொண்டபின், குரங்கு முதலிய விலங்குகளுள் மனவுணர்வு உடையன உளவாயின் அவையும் ஆறறிவுயிருள் அடங்கும் என்று கூறுகின்றார்.

பேராசிரியர் கூற்றில் அமைந்த ‘உளவாயின்’ என்னும் நிபந்தனை பெரிதும் போற்றத்தக்கது. விலங்கிற்கு மனம் உண்டென்று அவர் துணிந்து கூறவில்லை, இல்லையென்று மறுக்கவுமில்லை. உண்டென்பது தெளியப்படின் பகுப்பு அதற்கு இடம் தரும் என்கின்றார். அஃதாவது, உயிர் எவ்வினத்தது என்பது பற்றியன்று, எத்தகைய அறிவுடையது என்பது பற்றியே அதன் இடம் அமையும். பிறப்பு அளவுகோல் அன்று, அறிவே அளவுகோல். இவ்வாறு கொள்ளின் ‘மக்கள்’ என்னும் பெயர் ஆறாம் அறிவிற்கு எடுத்துக்காட்டாகுமேயன்றி அதன் வேலியாகாது.

உரையாசிரியர் இவ்விடத்தெல்லாம் நூலை மறுத்தார் அல்லர். நண்டிற்கு மூக்கு உண்டோ என்னும் ஐயத்தை எழுப்பி, ஆசிரியர் கூறினமையின் உண்டெனக் கொள்க என அமைதி கூறியதும் இவ்வுரைமரபே. கண்ணாற் காணாததை நூலின் ஆணை பற்றி ஏற்றனர். விலங்கின் மனத்தைப் பொறுத்தமட்டில் நூலின் சொல்லுக்குள்ளேயே உலகியலுக்கு இடங் கண்டனர்.

5. சான்றோர் செய்யுளிற் காணும் உயிர்நோக்கு

உரையாசிரியர்க்கு இக்கருத்து எங்கிருந்து வந்தது? கிளியும் குரங்கும் யானையும் அவர்கள் நாள்தோறும் கண்ட உயிர்கள் என்பது ஒரு காரணம். அவர்கள் பயின்ற சங்கச் செய்யுள் மற்றொரு காரணமாகலாம். குறுந்தொகை 69ஆம் பாட்டில் கடுந்தோட் கரவீரன் ஒரு மந்தியைக் காட்டுகின்றார். தன் கடுவன் இறந்துபடக் கைம்மைத் துயர் பொறாத அம்மந்தி, தொழில் பயிலாத தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலைச்சரிவிற் பாய்ந்து உயிர் துறக்கின்றது. இச்செய்யுள் தலைவனை இரவில் வாராது தடுக்கும் தோழி கூற்று. எனவே அஃது இயற்கை ஆய்வன்று, இறைச்சிப் பொருள் என்க. எனினும் துயரமும், எதிர்காலத்தை நினைத்தலும், பிறரிடம் ஒப்படைத்தலும் குரங்கிற்கு உரியனவாகக் கூறின் கேட்போர் அதனைப் பொருந்தாதெனத் தள்ளார் என்னும் நம்பிக்கை புலவர்க்கு இருந்தது. கலித்தொகை 11ஆம் பாட்டில் பாலை பாடிய பெருங்கடுங்கோ, கன்று கலக்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டிய பின்னரே தான் உண்ணும் களிற்றைக் காட்டுதலும் இத்தகையதே.

ஓரறிவுயிர் பற்றிய உணர்வும் இவ்விலக்கியத்தில் உண்டு. நற்றிணை 172ஆம் பாட்டில், தாம் விதை புதைத்து நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த புன்னையை உடன்பிறந்தவள் எனத் தாய் கூறினாள் என்றும், அதன் நிழலில் தலைவனொடு நகையாட நாணுவோம் என்றும் தோழி கூறுகின்றாள். மரம் காண்கின்றது, கேட்கின்றது என்று அவள் கூறவில்லை. அதன் முன்னிலையில் நாணம் தோன்றுகின்றது என்பதே செய்தி. மரத்தின் அறிவைக் காட்டிலும் மரத்தோடு மக்கள் கொண்ட உறவையே இச்செய்யுள் காட்டுகின்றது. இவ்வேறுபாட்டை மறந்து, தாவரவியல் உண்மையைச் சங்கப் புலவர் கண்டனர் எனக் கூறுதல் மிகையாகும்.

6. தன்னுணர்வு பற்றிய வினா

‘யான்’ என்று தன்னை அறிவது எது என்னும் வினாவைத் தமிழில் முறைப்பட ஆராய்ந்தவர் சைவ சித்தாந்திகள். பதின்மூன்றாம் நூற்றாண்டினரான மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டு நூற்பாக்களை உடையது. அதன் மூன்றாம் நூற்பா உடலினும் பொறியினும் வேறாய் உயிர் உண்டென்பதற்கு ஏதுக்களை அடுக்குகின்றது. இல்லை என்று மறுக்கும் அறிவு ஒன்று இருத்தலே உயிர் உண்டென்பதற்குச் சான்று. ‘என் உடல்’ என்று ஒருவன் கூறும்போது உடலைத் தனக்கு உடைமையாகக் கொள்வது உடலின் வேறாதல் வேண்டும். ஐம்பொறிகளுள் ஒன்று அறிவதை மற்றொன்று அறியாதாகவும், ஐந்தையும் ஒருங்கு அறிவது அவற்றின் வேறாதல் வேண்டும். இவை அதன் வாதங்களுட் சில. நான்காம் நூற்பா மனம் முதலிய உட்கருவிகளும் உயிர் ஆகா என நிறுவுகின்றது.

மரபியலோடு இதனை ஒப்பிடின் ஒரு பெரும் மாற்றம் தெரியும். மரபியலில் மனம் அறிவின் உச்சப்படி. மெய்கண்டாரிடத்து மனமும் ஒரு கருவியே. அதனைக் கொண்டு அறிவது உயிர். அவ்வுயிரும் தானே அறியமாட்டாது, அறிவிக்க அறிவது. தாவரம் முதல் தேவர் ஈறான பிறப்பனைத்திலும் உறைவது ஒருதன்மைத்தாகிய உயிரே என்பதும், வேறுபாடு மலமறைப்பினாலும் உடற்கருவியினாலும் வருவது என்பதும் இந்நெறியின் துணிபு. இதன்படி தன்னை அறியும் ஆற்றல் புல்லிற்கு அறவே இல்லாததன்று, மறைந்து கிடப்பது.

7. இற்றை நாள் ஆராய்ச்சி

மேலைநாட்டில் விலங்கு உணர்வற்ற பொறி போன்றது என்னும் கருத்து தெக்கார்த்து முதலியோர் எழுத்தினால் பதினேழாம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. 1871இல் வெளிவந்த நூலில் தார்வின், மனிதனுக்கும் உயர் விலங்கிற்கும் உள்ள மனவேறுபாடு அளவைப் பற்றியதேயன்றி வகையைப் பற்றியதன்று என வாதித்தார். 1902இல் சகதீச சந்திர போசு, உயிருள்ளவற்றின் எதிர்வினைகளையும் உயிரில்லனவற்றின் எதிர்வினைகளையும் ஒப்பிட்டு நூல் எழுதினார். தாவரங்களின் மின்னெதிர்வினைகளை நுண்கருவி கொண்டு அளந்தார். தாவரம் எதிர்வினை புரிகின்றது என்பது இன்று ஐயமற நிறுவப்பட்டது. அஃது உள்ளே நுகர்கின்றது என்பதனை அறிவியலார் பெரும்பாலோர் ஏற்பதில்லை.

தன்னுணர்வைச் சோதனையால் அறிய முற்பட்டவருள் குறிப்பிடத்தக்கவர் கார்டன் கேலப். 1970இல் அவர், மயக்கத்திலிருந்த சிம்பன்சிகளின் முகத்தில் நிறக்குறி இட்டு, விழித்தபின் கண்ணாடியின் முன் விடுத்தார். அவை கண்ணாடியிற் கண்டு தம் முகத்தின் குறியைத் தொட்டன. வாலுடைய குரங்குகள் அவ்வாறு செய்யவில்லை. 2006இல் நியூயார்க்கு பிராங்சு விலங்குக்காட்சிச் சாலையில் மூன்று ஆசிய யானைகளைக் கொண்டு செய்த ஆய்வில், அவற்றுள் ஒன்று தன் தலையிலிட்ட குறியைத் துதிக்கையால் மீண்டும் மீண்டும் தொட்டது. அயிரீன் பெப்பர்பெர்க்கு 1977 முதல் பயிற்றிய அலெக்சு என்னும் ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி நிறத்தையும் வடிவத்தையும் ஆறு வரையிலான எண்ணிக்கையையும் சொல்லால் வேறுபடுத்திக் கூறியது. அது 2007இல் இறந்தது.

இளம்பூரணர் சுட்டிய கிளி, குரங்கு, யானை ஆகிய மூன்றன் இனமும் இவ்வாய்வுகளில் இடம்பெறுதல் வியப்பன்று. கூர்ந்து நோக்குவார் கண்ணுக்கு எக்காலத்தும் அவ்வுயிர்களே முதலிற் படும். இதனைக் கொண்டு இன்றைய அறிவியலைப் பண்டைய உரையாசிரியர் முன்பே உரைத்தார் எனல் பொருந்தாது. அவர்க்குக் கண்ணாடிச் சோதனை தெரியாது. இவர்க்கு அறிவு எண்ணும் மரபு தெரியாது. மேலும் அச்சோதனையின் முடிவுகளும் நேரானவை அல்ல. இளம்பூரணர் கூறிய குரங்கு அதில் தேறவில்லை. 2019இல் வெளிவந்த ஆய்வோ ஒரு சிறுமீன் தேறியதாகக் கூறியது. கண்ணால் உலகை அறியும் உயிர்க்கு ஏற்ற சோதனை, மோப்பத்தால் அறியும் நாய்க்கு ஏற்றதாகுமா என்னும் தடையும் எழுந்துள்ளது. ஒவ்வோருயிரையும் அதனதன் பொறி நோக்கி அறிதல் வேண்டும் என்பது இத்தடையின் கருத்து. அதற்கு மரபியலின் பொறிவழிப் பகுப்பு அயலானதன்று.

2012இல் கேம்பிரிட்சில் கூடிய அறிவியலார், உணர்வுநிலைக்குரிய நரம்பமைப்பு மனிதனுக்கே உரியதன்று என அறிக்கை வெளியிட்டனர். 2024 ஏப்பிரலில் வெளிவந்த நியூயார்க்கு அறிக்கை, பாலூட்டிகளும் பறவைகளும் உணர்வுநிலை உடையன என்பதற்கு வலிய சான்று உண்டென்றும், முதுகெலும்புள்ள ஏனைய உயிர்களிலும், நண்டினம், பூச்சியினம் முதலிய பலவற்றிலும் அஃது இருத்தல் கூடும் என்பதனைத் தள்ள இயலாது என்றும் கூறியது. 2022இல் இங்கிலாந்து இயற்றிய விலங்குநலச் சட்டம் நண்டினத்தையும் உணர்வுடைய உயிராக ஏற்றது. நண்டு தன் சிறு உணர்கொம்புகளால் மணத்தை அறிகின்றது என்பதும் இன்று தெளிவு. நூலின் ஆணை பற்றி உரையில் ஏற்கப்பட்டது ஆய்வின்வழியும் உண்மையாயிற்று.

8. ‘மாக்கள்’ என்னும் சொல்லின் இடர்

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். ஐயறிவுயிர் வரிசையில் விலங்கொடு ‘மாக்கள்’ என்போரும் வைக்கப்பட்டுள்ளனர். மனவுணர்ச்சி இல்லாத மனித வடிவினரை அச்சொல் குறிக்கும் என்பது உரை. சங்கச் செய்யுளிலோ இரவலரைக் குறிக்குமிடத்தும் பிறரைக் குறிக்குமிடத்தும் இச்சொல் இழிவுப் பொருளின்றி வழங்குதலைக் காணலாம். ஆகவே இது மரபியல் தந்த தனிப்பொருள். அறிவை அளவுகோலாகக் கொள்ளும் நெறிக்கு இரு முகம் உண்டு. ஒன்று, குரங்கினையும் யானையையும் உள்ளே கொணரும். மற்றொன்று, மனிதருள் சிலரை வெளியே தள்ளும். புறநானூறு 28ஆம் பாட்டில் உறையூர் முதுகண்ணன் சாத்தனார் எண்ணும் எண்வகை எச்சங்களுள் ஊமையும் செவிடும் போன்றனவற்றோடு ‘மா’ என்பதும் ஒன்றாக வருதல் இவ்விடரைப் புலப்படுத்தும். பேச இயலாதவர் நினைக்க இயலாதவர் அல்லர் என்பதனை இன்றைய கல்விமுறை ஐயமற மெய்ப்பித்துள்ளது. தன் உணர்வைச் சொல்லால் வெளியிட இயலாமை உணர்வின்மைக்குச் சான்றாகாது. இவ்வுண்மை மனிதர்க்கு எவ்வளவு பொருந்துமோ அவ்வளவு விலங்கிற்கும் பொருந்தும்.

9. முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. மரபியற் பகுப்பு ஒவ்வொரு படியிலும் பிறவற்றிற்கு இடம் விட்ட திறந்த பகுப்பு. சமண பௌத்த நெறிகளோடு உறவுடையதாயினும் இரண்டனுள் ஒன்றன் படியும் அன்று. நன்னூலார் ஆறாம் அறிவை எண்ணாது விடுத்தமையின் அது மரபு முழுமைக்கும் பொதுவும் அன்று. உரையாசிரியர் இருவரும் ஆறாம் அறிவை மக்கட்கே வரையறுத்திலர். தன்னுணர்வு என்பது மரபியலின் வினாவன்று; அது பின்னர்ச் சித்தாந்தத்தில் எழுந்த வினா.

ஆதலின் ஆறறிவு என்னும் சொல்லைக் கொண்டு மனிதன் பெருமை பேசுவார், தமக்குத் தொல்காப்பியம் துணை என்று கருதற்க. தன் தலைவனுக்காக உணவொழிந்து கிடக்கும் நாயைப் பற்றி வினவிய மாணவர்க்கு இனி நாம் கூறத்தக்க விடை, பேராசிரியர் அன்று கூறிய விடையே ஆகும்: மனவுணர்வு அதற்கு உளதாயின், அதுவும் ஆறறிவுயிரே. உளதோ இலதோ என்பதனை ஆராய்தல் நம் கடன். ஆராயுமுன் இல்லையெனத் துணிதல் நூலுக்கும் பொருந்தாது, அறத்திற்கும் பொருந்தாது.